சேக் இஸ்மாயில் அணைக்காத சூடம்

பழங்காநத்தத்தில் என் பைப் கடையை ஒட்டி ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் சேக் இஸ்மாயில் அண்ணன் இருமினால் இந்தப் பக்கம் என் கல்லாவில் கேட்கும். பதினேழு வருடப் பழக்கம். அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும், எரிந்துபோன மோட்டாருக்கு உயிர் கொடுக்கிற அவர் கையைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நான் அவர் வாயைப் பற்றித்தான் சொல்வேன். போன வைகாசி வரைக்கும் அந்த வாயிலிருந்து ஒரு சத்தியம் வந்தது ஒரே ஒரு முறைதான். அதற்கும் அவர் தண்டம் கட்டினார்.

எங்கள் தெருவில் சத்தியம் செய்வது எச்சில் துப்புவது மாதிரி. "எங்காத்தா மேல சத்தியமா நேத்தே லோடு கெளம்பிருச்சுக்கா" என்பார் எனக்குப் பைப் அனுப்புகிறவர். லோடு கிளம்பியிருக்காது. அவருடைய ஆத்தா போய்ச் சேர்ந்தே பத்து வருடம் ஆகிறது. நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. சாமி பேரைச் சொல்லி நான் தள்ளிவிட்ட மட்டமான வாஷர்கள் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் ஒழுகிக்கொண்டிருக்கின்றன.

இஸ்மாயில் அண்ணன் அப்படி இல்லை. மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "இன்ஷா அல்லா, வியாழக்கெழம" என்பார். இறைவன் நாடினால் என்று அர்த்தம். ஒரு விவசாயி பொறுமை இழந்து, "அவரு நாடுறது இருக்கட்டும் பாய், நீங்க நாடுறீகளா இல்லையா, அதச் சொல்லுங்க" என்று சண்டைக்கே வந்துவிட்டார். "நான் நாடிட்டேன்ணே, கரண்டும் நாடணும்ல" என்று அண்ணன் சிரித்தார். வியாழக்கிழமை மோட்டார் ஓடியது.

அந்த ஒரே ஒரு சத்தியக் கதையையும் சொல்லிவிடுகிறேன். திருவாதவூர்க்காரர் ஒருவர், மோட்டார் காயில் மறுபடி எரிந்ததற்கு இவர்தான் காரணம் என்று கடைவாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினார். அண்ணனுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "அல்லா மேல ஆணை, இனிமே ஒன் மோட்டாரத் தொட மாட்டேன்" என்று கத்திவிட்டார். மூன்றாம் நாள் அந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பழைய மோட்டாரை வேறு யாரும் தொடவில்லையாம், நாற்று காய்கிறதாம். அண்ணன் தொட்டார். பழுதும் பார்த்தார். மறுநாள் பத்து ஏழைகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து வயிறாரச் சோறு போட்டார். இட்ட ஆணையை முறித்தால் அவர்கள் மார்க்கத்தில் அதுதான் பரிகாரம்.

முபீனா மதினி, அண்ணனுடைய மனைவி, அன்றைக்கு அண்டாவைக் கிண்டியபடி என்னிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "வாயி இவரோடது, வேல எனக்கு. தாமர, அடுத்த தடவ இவரு கோவப்பட்டா ஓடிவந்து வாயில துணியத் திணிச்சுரு." பத்தாவது ஆள் கிடைக்கத் தாமதமானபோது அண்ணன் என்னையே கூப்பிட்டார். நான் ஏழை இல்லை என்று கோபித்துக்கொண்டு, ஒரு தட்டு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அப்போது நான் கேலி பேசினேன். அந்தக் கேலியைப் போன வைகாசியில் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை மாயக்காள் வந்தார். சமயநல்லூருக்கு மேற்கே உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சிற்றூரில் விவசாயம் செய்கிறவர். அவர் வீட்டுக்காரர் முத்திருளன் கார்த்திகையில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். கணவரும் மனைவியுமாக வந்து என்னிடம் பைப் வாங்கிப்போனது எனக்கு நினைவிருந்தது. இப்போது தனியாக வந்த அந்த அம்மா, பையிலிருந்து ஒரு வாழைப்பிஞ்சை எடுத்து அண்ணன் மேஜையில் வைத்தார். என் சுண்டுவிரலை விடச் சிறியது. நுனி கருகியிருந்தது.

"கொல தள்ளுற நேரம்ணே. பதினொரு நாளாச்சு தண்ணி பாஞ்சு. எங்கொழுந்தன் வால்வப் பூட்டிட்டான்" என்றார்.

விஷயம் இதுதான். ஆறு வருடத்துக்கு முன்பு முத்திருளனும் அவர் தம்பி சோலையும் சேர்ந்து போர்வெல் போட்டார்கள். நீரோட்டம் தம்பியின் நிலத்துப் பக்கம் விழுந்ததால் கரண்ட் இணைப்பு தம்பி பேரில். தண்ணீர் இரண்டு பேருக்கும் பொது, மூன்று மூன்று நாள் முறை. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வால்வு வைத்து, மோட்டாரை இறக்கிக் கொடுத்தவர் இஸ்மாயில் அண்ணன். முத்திருளன் உயிரோடு இருந்தவரை தம்பி முறை தவறவில்லை. இந்தக் கோடையில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. "அண்ணன் இருக்கிறமட்டும்னுதான் நான் சொன்னேன், அதுக்குப் பெறகு இல்ல" என்று சோலை இப்போது சொல்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம்தான். தீர்ப்பு வருகிறவரை வாழை காத்திருக்காது.

"அன்னைக்கு அங்க இருந்தது அவுக ரெண்டு பேரும் நீங்களுந்தான். என்ன பேசிக்கிட்டாகன்னு ஒங்களுக்குத் தெரியும்லண்ணே?"

அண்ணன் யோசிக்கக்கூட இல்லை. "தெரியும்மா. நான் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வயர் குடுத்துக்கிட்டு இருந்தேன். முத்திருளன் கேட்டாரு, 'ஏண்டா தம்பி, எனக்குப் பின்னாடி ஒன் மதினி தண்ணிக்குக் கையேந்திக்கிட்டு நிக்கணுமா?'ன்னு. சோல சொன்னான், 'ஒன் காலம் என் காலம்னு என்னண்ணே, நெலம் இருக்கிறமட்டும் ரெண்டு பக்கமும் பாயும்'னு. இந்தக் காதால கேட்டேன்."

மாயக்காள் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். "அத எங்க ஊர்ல வந்து சொல்லணும்ணே. நாளைக்குக் கருப்பசாமி கோயில்ல கூடுறாக."

"இன்ஷா அல்லா, வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் எனக்கு ஒரு லோடு இறக்க வேண்டியிருந்தது. என் குட்டியானை வண்டியில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். லோடு ஒரு சாக்குத்தான், எனக்கு வேடிக்கை பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மை.

கோயில் என்றால் ஒரு மேடை, வரிசையாக நட்ட அரிவாள்கள், நாலு வேப்பமரம். ஊர் அங்கே உட்கார்ந்திருந்தது. நடுவில் பூசாரி பேயாண்டி, எழுபது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். எதிரில் சோலை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு வெளியே மரத்தடியில் நின்று, என்ன கேட்டாரோ அதைச் சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சோலை கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "பாய் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. ஆறு வருசத்துப் பேச்சு, மறந்துருக்கலாம். நம்ம ஊரு வழக்கப்படி அவரு சூடத்த அணைச்சுட்டுச் சொல்லட்டும். இப்பவே வால்வுச் சாவியத் தாரேன்" என்றார்.

அந்த ஊரில் அதுதான் முடிவான தீர்ப்பு. கருப்பன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் சொல்வது பொய்யென்றால் நீ என்னைக் கேள் என்று சொல்ல வேண்டும். சொன்னவன் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. அணைக்கத் தயங்குகிறவன் பொய்யன். பேயாண்டி கல்லின் மேல் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்.

அண்ணன் அசையவில்லை. "பூசாரியண்ணே, அது மட்டும் என்னால ஆகாது. எங்க மார்க்கத்துல அல்லா பேரத் தவுர வேற பேர்ல ஆணையிடக் கூடாது. அவன் பேரால வேணாச் சொல்றேன், நான் கேட்டது நெசம்" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "அப்ப எங்க கருப்பன் சாமி இல்லையா?"

"நான் அப்பிடிச் சொல்லலய்யா. மனசுல இல்லாம ஒங்க சாமி பேரச் சும்மா வாயில சொன்னா அது நடிப்பு. ஒங்க சாமி முன்னாடி நடிச்சா அவருக்கும் மரியாத இல்ல, எனக்கும் மரியாத இல்ல."

பேயாண்டி மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். செவ்வாய்க்கிழமை மறுபடி கூடுவோம், அதற்குள் பாய் யோசித்து வரட்டும் என்று சொல்லி எழுந்துவிட்டார். சோலை வேட்டியை உதறிக்கொண்டு போனார். இந்த ஆள் அணைக்க மாட்டார் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாயக்காள் வண்டி வரைக்கும் வந்தார். அழவில்லை. "ஒங்கள நம்பித்தாண்ணே கூட்டியாந்தேன். ஒரு சூடம். அம்புட்டுத்தான். அதுக்கு என் வாழ முச்சூடும் காயணுமா?" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "மூணு நொடி வேலண்ணே. ஒரு பொம்பளயோட பொழப்பு. ஒங்க சொர்க்கத்துல நீங்க சுத்தமாப் போய்ச் சேரணும்னு அந்தம்மா தெருவுல நிக்கணுமா?"

"கண்ணால பாத்த, காதால கேட்ட சாட்சிய மறைக்கிறதும் பாவம் தங்கச்சி. அல்லா பேரத் தவுர வேற பேர்ல ஆணையிடுறதும் பாவம். ரெண்டுக்கும் நடுவுல முழிச்சுக்கிட்டு இருக்கேன். நீ வேற சும்மா சும்மா ஆரன் அடிக்கிற" என்றார்.

திங்கட்கிழமை பகல் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு மோட்டார் ஓடிய சத்தம், உடனே நின்ற சத்தம். எட்டிப் பார்த்தேன். கனெக்‌ஷன் மாற்றிக் கொடுத்திருக்கிறார், மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. பதினேழு வருடத்தில் இது முதல் தடவை. பள்ளிவாசலுக்குப் போய் அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தையும் கேட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்குத் தெரிந்த அதே இரண்டு விஷயத்தைத்தான் ஹஜ்ரத்தும் சொல்லி அனுப்பியிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவரே என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, சூடத்த நாந்தான் அணைக்கணும்னு என்ன இருக்கு? சோல அணைக்கட்டுமே."

"நல்லா இருக்கே! அவன் பொய்யா அணைச்சுட்டான்னா?"

"மாட்டான்."

"எப்பிடிச் சொல்றீக?"

"மோட்டார இறக்குன அன்னைக்கு, கருப்பனுக்கு எலுமிச்சம்பழம் வைக்காம என்னை சுவிச்சத் தொட விடல அவன். எனக்குத் தொழுக நேரம் போவுதுடான்னு நான் கத்துறேன். ஓடிப்போயி பழம் வாங்கியாந்து வச்சான். பெறகு நான் வரப்புல துண்ட விரிச்சுத் தொழுது முடிக்கிற மட்டும், ஆடு கீடு குறுக்க வந்துராமக் கம்ப வச்சுக்கிட்டுக் காவலுக்கு நின்னான். நெஞ்சுல பயம் உள்ளவன் தங்கச்சி."

"பயம் உள்ளவந்தான் மதினி வாயில மண்ணப் போடுறானா?"

"போடுவான். நீயும் போடுவ, நானும் போடுவேன். மனுசன்கிட்டப் பொய் சொல்றது லேசு. அவன் சாமி முன்னாடி அவன நிக்கச் சொல்லுவோம்."

எனக்கு அந்த யோசனை கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாயக்காளின் வாழையை எடுத்து ஒரு பொய்யனின் பக்தியில் அடமானம் வைக்கிறார் என்று தோன்றியது. சொல்லியும் பார்த்தேன். அவர் தீர்மானமாக இருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஊர் இன்னும் பெரிதாகக் கூடியிருந்தது. அண்ணன் அதே மரத்தடியில் நின்றார். குரல் தெளிவாக இருந்தது.

"என்னைப் படச்ச அல்லா மேல ஆணையாச் சொல்றேன். நெலம் இருக்கிறமட்டும் ரெண்டு பக்கமும் பாயும்னு சோல சொன்னத நான் கேட்டேன். இது பொய்யின்னா அல்லா என்னைக் கேக்கட்டும். என் சத்தியம் என் சாமிகிட்டச் சேந்துருச்சு. சோல அவரு சாமிகிட்டச் சொல்லட்டும். அண்ணன் இருக்கிறமட்டும்னுதான் சொன்னேன்னு சூடத்த அணைச்சுச் சொன்னாருன்னா, எனக்குத்தான் காது கோளாறுன்னு நான் ஒத்துக்கிட்டுப் போறேன்."

ஊர் இதை எதிர்பார்க்கவில்லை. சோலையும் எதிர்பார்க்கவில்லை. "நியாயந்தான?" என்று பேயாண்டி கேட்டார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். பதில் வருவதற்குள் சூடத்தைக் கல்லின் மேல் வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

சோலை எழுந்தார். இத்தனை பேர் பார்க்கும்போது எழாமல் இருக்க முடியாது. மேடைக்குப் போனார். குனிந்தார். கையை நீட்டினார்.

திரும்பி அண்ணனைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மாயக்காளுடைய வாழைக்காக மட்டும் அவர் பயப்படவில்லை. ஒருவனைப் பொய்ச் சத்தியத்தின் வாசல் வரைக்கும் நாம்தானே இழுத்துவந்து நிறுத்தினோம் என்ற பயமும் அதில் இருந்தது. அந்த நிமிடம் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

சோலையின் கை சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"வேணாம் தம்பி!"

மாயக்காள்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "கைய எடுப்பா. எனக்குத் தண்ணியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். வாழ போனாப் போவுது. பொய்யா அணைச்சுட்டு நீ வீட்டுக்குப் போயி பவதாரிணியத் தூக்குவியா? அது என் மடியில வளந்த புள்ளடா. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது? எடு கைய!"

பவதாரிணி சோலையின் மகள், ஐந்து வயது என்று பக்கத்தில் இருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

சோலை கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாதவர் போல வேட்டியில் துடைத்தார். பிறகு அப்படியே மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் கேட்டுச்சு மதினி. நான் சொன்னேன். நெலம் இருக்கிறமட்டும்னுதான் சொன்னேன்." தன் வயல் பக்கம் கையைக் காட்டினார். "தண்ணி கீழ போயிருச்சு. ஒரு காட்டுக்கே பத்தல. என் கரும்பு மஞ்சக் கட்டிப்போச்சு. கண்ண மறச்சிருச்சு மதினி."

பேயாண்டி சூடத்தை அணைக்கவில்லை. அது கல்லின் மேல் தன்போக்கில் எரிந்து தீர்ந்தது.

நான் பெரிய பக்திக்காரி இல்லை. சாமி பேரைச் சொல்லி அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள். ஆனால் அன்றைக்கு அந்த மேடையைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் தன் சாமி சொன்னதை மீறவில்லை. ஒருவர் தன் சாமி முன்னால் பொய் சொல்லத் துணியவில்லை. மூன்றாவது ஆள், தனக்குக் கெடுதல் செய்தவன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று தன் வாழையையே விட்டுக்கொடுத்தார். போலீசும் வக்கீலும் இல்லாமல் ஒரு உண்மை வெளியே வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மாயக்காள்தான் அந்த மூன்று பேரிலும் பெரியவர் என்பேன், யார் வந்து கேட்டாலும்.

வால்வு பூட்டியே கிடந்ததில் இறுகிப்போயிருந்தது. அண்ணன் வண்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துவந்தார். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் சோலையும் பிடித்துத் திருகினார்கள். தண்ணீர் குறைந்துவிட்டதால் இனி இரண்டு இரண்டு நாள் முறை, அதற்குப் பிறகு ஒரு நாள் போர்வெல் ஊறட்டும் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள். மாயக்காள் மண்வெட்டியோடு முதல் பாத்தி ஓரத்தில் நின்றார். குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர்.

சோலை கையைக் கழுவிக்கொண்டே, அண்ணனைப் பார்க்காமல் சொன்னார். "பாய், நீங்க அணைக்க மாட்டீகன்னு தெரிஞ்சுதான் அன்னைக்குக் கேட்டேன்."

"தெரியும். நீ அணைக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் நானும் இன்னைக்குக் கேட்டேன்" என்றார் அண்ணன்.

சோலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து, ஈரக்கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் நீட்டினார்.

பைபாஸ் ரோட்டுக்கு வந்த பிறகுதான் என் வாய் திறந்தது.

"தெரியும்னு பெருசா அடிச்சு விட்டீக. அவன் கைய நீட்டுனப்ப ஒங்க வெரலு நடுங்குச்சே, நான் பாக்கலயாக்கும்? சத்தியமாச் சொல்லுங்க, தெரியுமா ஒங்களுக்கு?"

அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது.

"சத்தியம்லாம் கேக்காத தங்கச்சி. மறுபடி பத்துப் பேருக்குச் சோறு பொங்க ஒங்க மதினியால ஆகாது."